புத்தகத்தைக் கேட்பதா, உடம்பைக் கேட்பதா?

(வைத்தியப் படிப்புக்கான நுழைவுப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவ மாணவிகள் கூட்டத்தில் பேசியது)



உயிரியல், உடலியல் பாடங்களில் ஒரே கேள்விக்கு ஒரு புத்தகம் ஒரு விடையும், இன்னொரு புத்தகம் வேறு விடையும் சொல்லுகிறதே, இதில் எதை நம்பிப் படிப்பது என்பதைப் பற்றி நாம் பேசவேண்டுமென்று இக்கூட்டத்தைக் கூட்டிய தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். நாம் வைத்தியருமல்ல, கல்லூரி ஆசிரியருமல்ல. மாலை வேளைகளில் படிப்பகத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவர்கள் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பழக்கமுள்ளவர் என்பதைத் தவிர நமக்கு வேறு யோக்கியதை கிடையாது. ஆனாலும் அந்தப் பழக்கத்தினால் ஒரு சங்கதி நம் கண்ணில் பட்டது. அதைத்தான் முதலில் சொல்ல ஆசைப்படுகிறோம்.

ஒரு நாள் மாலை ஐந்து பிள்ளைகள் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வழிகாட்டிப் புத்தகத்தில் ஒரு கேள்வி. "நாம் வெளியே விடும் மூச்சுக் காற்றில் மிக அதிகமாக இருக்கும் வாயு எது?" என்பது அது. பிராணவாயு, கரியமிலவாயு, நைட்ரஜன், நீராவி என்று நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தது. நாலு பிள்ளைகள் கரியமிலவாயு என்று குறித்தார்கள். ஒரு பெண் மாத்திரம் நைட்ரஜன் என்று குறித்தாள். அவளுடைய தாயார் இட்லிக் கடை வைத்துப் பிழைக்கிறவர்; அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்கிற முதல் ஆள் இவள். சண்டை வந்தது. புத்தகத்தின் கடைசியைப் புரட்டிப் பார்த்தார்கள். அங்கே கரியமிலவாயு என்று அச்சிட்டிருந்தது. ஒருவன் தனக்குப் பாடம் சொல்லும் ஆசிரியருக்கு டெலிபோன் செய்து கேட்டான். அவரும், "புத்தகத்தில் உள்ளதை எழுது" என்று சொல்லிவிட்டார். உடனே அந்தப் பெண் ரப்பரை எடுத்துத் தன் விடையை அழித்துவிட்டுக் கரியமிலவாயு என்று எழுதிக்கொண்டாள்.

"ஏனம்மா அழித்தாய்?" என்று கேட்டோம்.

"நாலு பேரும் ஒன்று சொல்லுகிறார்கள். புத்தகமும் அதையே சொல்லுகிறது. வாத்தியாரும் சொல்லிவிட்டார். நான் ஒருத்தி மாத்திரம் என்ன அய்யா?" என்றாள்.

"அது போகட்டும். முதலில் ஏன் நைட்ரஜன் என்று எழுதினாய்?" என்றோம்.

"உள்ளே இழுக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். உடம்பு அதை எடுத்துக்கொள்ளுவதில்லை. அப்படியானால் வெளியே வரும்போதும் அது அப்படியே வரத்தானே வேண்டும்? அது எங்கே போய்விடும்?" என்றாள்.

தோழர்களே! இதற்கு மேல் ருசு என்ன வேண்டும்? நாம் உள்ளே இழுக்கும் காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்கு. வெளியே விடும் காற்றில் ஏறக்குறைய 16 பங்கு. கரியமிலவாயு உள்ளே போகும்போது 0.04 பங்கு, வெளியே வரும்போது சுமார் 4 பங்கு. மீதியில் மிகப் பெரும் பகுதி நைட்ரஜனேதான். வெளியே வரும் மூச்சில் கரியமிலவாயு நூறு மடங்கு அதிகமாகிறது என்பது உண்மை. ஆனால் "அதிகமாகிறது" என்பது வேறு, "அதிகமாக இருக்கிறது" என்பது வேறு. அச்சுப் போட்டவர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். அந்தப் பெண் பிரித்துப் பார்த்தாள். பிரித்துப் பார்த்தவள் தன் விடையை அழித்தாள்; பார்க்காத நாலு பேரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

இதிலே ஒரு மார்க்கு போனது நமக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. வெளியே விடும் மூச்சில் 16 பங்கு பிராணவாயு மீதம் இருப்பதனால்தானே, மூச்சு நின்றுபோன ஒருவனுக்கு வாயோடு வாய் வைத்து ஊதிப் பிழைக்க வைக்க முடிகிறது? வெளிமூச்சு முழுவதும் கரியமிலவாயு என்று மனப்பாடம் செய்தவன் நாளைக்கு ஆஸ்பத்திரியில் நிற்கும்போது, தான் செய்வது எதனால் பலிக்கிறது என்று தெரியாமல்தானே செய்வான்? அதைவிட மோசம், தன் அறிவு சரியென்று சொன்னதை, நாலு பேருக்கும் ஒரு புத்தகத்துக்கும் பயந்து அழித்துவிடும் வழக்கம். அந்த வழக்கம் 17 வயதில் படிந்தால் 70 வயது வரையில் போகாது.

நிற்க, புத்தகங்களுக்குள் விடை மாறுபடுவதெல்லாம் ஒரே மாதிரியானதல்ல. எந்த மாதிரியான மாறுபாடு என்று தெரிந்துகொண்டாலே பாதிச் சண்டை தீர்ந்துபோகும். நாம் கண்டவரையில் அவை நாலு விதம்.

முதலாவது, வார்த்தையினால் வரும் சண்டை. "தமனி சுத்த இரத்தத்தைக் கொண்டுபோகும், சிரை அசுத்த இரத்தத்தைக் கொண்டுவரும்" என்று சின்ன வகுப்பில் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். பெரிய வகுப்பில் நுரையீரல் சிரை பிராணவாயு நிறைந்த இரத்தத்தைக் கொண்டுவருகிறது என்று இருக்கிறது. உடனே ஒருவன் புத்தகம் தப்பு என்கிறான். இன்னொருவன் இது விதிவிலக்கு, நெட்டுருப் போட்டுக்கொள் என்கிறான். இரண்டும் வேண்டியதில்லை. இருதயத்திலிருந்து வெளியே போகிற குழாய் தமனி. இருதயத்துக்கு உள்ளே வருகிற குழாய் சிரை. இதுதான் பெயரின் அர்த்தம். உள்ளே ஓடுகிற இரத்தம் எப்படிப்பட்டது என்பதற்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை. நுரையீரலிலிருந்து இருதயத்தின் இடது மேலறைக்கு இரத்தம் வருகிறது. வருவதனால் அது சிரை. நுரையீரலிலிருந்து வருவதனால் அதில் பிராணவாயு நிறைந்திருக்கிறது. விதிவிலக்கு எங்கே இருக்கிறது? முதலில் கற்றுக்கொடுத்த சூத்திரம்தான் அரைகுறை. தவிரவும், சிரையில் ஓடுகிற இரத்தம் நீலம் என்று படத்தில் நீல மையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து நீலம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. பரிசோதனைக்காக உங்கள் கையில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கிறார்களே, அது சிரையிலிருந்து எடுப்பதுதான். அது கருஞ்சிவப்பாக இருப்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறீர்கள்? கண்ணால் கண்டதை விட்டுவிட்டு அச்சுமையை நம்புவதா?

இரண்டாவது, யாருக்கு, எப்போது என்று கேட்காததனால் வரும் சண்டை. மனிதனுக்கு எலும்பு எத்தனை? 206 என்கிறது ஒன்று; 300 வரையில் என்கிறது ஒன்று. இரண்டும் சரிதான். வளர்ந்தவனுக்கு 206, பிறந்த குழந்தைக்கு சுமார் 270 முதல் 300 வரையில் தனித்தனித் துண்டுகள், வளர வளரப் பல துண்டுகள் ஒன்றாகக் கூடிவிடுகின்றன. பல் 32 என்கிறது புத்தகம். பக்கத்தில் இருக்கும் தோழனின் வாயில் எண்ணினால் 28தான் இருக்கிறது. கடைசியில் முளைக்கவேண்டிய நாலு பல் அவனுக்கு இன்னும் முளைக்கவில்லை, அல்லது முளைக்காமலே போகலாம். ஆகவே எண்ணிப் பார்த்தால் மாத்திரம் போதாது. எதை எண்ணுகிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வகையிலே உயிருக்கே ஆபத்தான ஒன்று உண்டு. "எல்லோருக்கும் இரத்தம் கொடுக்கத்தக்கவர் யார்?" என்ற கேள்விக்கு ஒரு புத்தகம் 'ஓ' வகை என்கிறது, இன்னொன்று 'ஓ நெகடிவ்' என்கிறது, வேறொன்று 'ஏபி' என்கிறது. மாணவன் தலையைப் பிய்த்துக்கொள்கிறான். இரத்த வகைகளை லேண்ட்ஸ்டைனர் என்பவர் 1901இல் பிரித்துக் காட்டினார். அப்போது ஆர்.எச். என்கிற சமாசாரம் யாருக்கும் தெரியாது. அவரும் வீனர் என்பவரும் சேர்ந்து 1940இல்தான் அதை வெளிப்படுத்தினார்கள். ஆகையால் அதற்கு முந்திய அறிவை வைத்து எழுதியவர் 'ஓ' என்றார். பிந்திய அறிவை வைத்து எழுதியவர் 'ஓ நெகடிவ்' என்றார். இது சிவப்பணுக்களைக் கொடுப்பதைப் பற்றிய விடை. சிவப்பணுக்களை நீக்கிவிட்டுப் பிளாஸ்மாவை மாத்திரம் கொடுப்பதானால், எல்லோருக்கும் கொடுக்கத்தக்கது 'ஏபி' வகையினுடையது. எதைக் கொடுப்பது என்று கேட்காமல் யார் என்று மாத்திரம் கேட்டால், மூன்று விடையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளத்தானே செய்யும்?

மூன்றாவது, கணக்குப் போடும் முறையினால் வரும் சண்டை. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு செல்லுக்குள் முழுவதும் எரிந்தால் எத்தனை ஏ.டி.பி. கிடைக்கும்? 38 என்று சில புத்தகம், 36 என்று சில, 30 அல்லது 32 என்று இப்போதைய பல்கலைக்கழகப் புத்தகங்கள். பிள்ளைகள் இதை நாலு தெய்வம் போல நாலு எண்ணாக நெட்டுருப் போடுகிறார்கள். நெட்டுருப் போடவேண்டாம், கூட்டிப் பாருங்கள். நேராகக் கிடைப்பது 4. அதோடு 10 என்.ஏ.டி.எச்., 2 எஃப்.ஏ.டி.எச்.2 கிடைக்கின்றன. முன்னதற்கு 3, பின்னதற்கு 2 என்று பழைய கணக்குப்படி மதிப்புப் போட்டால் 30, 4, 4; ஆக 38. செல்லின் திரவத்தில் உண்டாகும் 2 என்.ஏ.டி.எச். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைய ஒரு வழியாகப் போனால் ஒவ்வொன்றுக்கும் ஒன்று குறையும்; ஆக 36. பிற்காலத்தில் இன்னும் நுட்பமாக அளந்து பார்த்து, 3 அல்ல 2.5, 2 அல்ல 1.5 என்று கண்டார்கள். அந்த மதிப்பைப் போட்டால் 25, 3, 4, ஆக 32. அந்தக் குறைச்சலான வழியாகப் போனால் 30. ஆக, நாலு எண்ணும் ஒரே கணக்கின் நாலு நிலைமை. இதைத் தெரிந்துகொண்டவனுக்குப் பரீட்சையில் எந்த எண்ணைப் போட்டுக் கேட்டாலும் பயமில்லை. கேட்டவர் எந்தக் கணக்கில் நிற்கிறார் என்பது அவனுக்குத் தெரிந்துபோகும்.

நாலாவது, புத்தகம் உண்மையாகவே தப்பாக இருப்பதனால் வரும் சண்டை. "பெரியவர்கள் எழுதியது எப்படித் தப்பாகும்?" என்று சிலர் கேட்கலாம். அதற்கு இரண்டு சரித்திரம் சொல்லுகிறோம்.

ரோமாபுரி ராஜ்யத்தில் இரண்டாம் நூற்றாண்டில் இருந்த கேலன் என்ற வைத்தியர் மகா கெட்டிக்காரர். ஆனால் மனித உடலை அறுத்துப் பார்க்க அந்தக் காலத்தில் இடமில்லாமையால், குரங்கு, பன்றி முதலியவைகளை அறுத்துப் பார்த்து மனிதனுக்கும் அப்படியே என்று எழுதி வைத்தார். கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்று எழுதினார். ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கு மேல் ஐரோப்பாவில் எல்லோரும் அதையே படித்தார்கள். அதையே பரீட்சையில் ஒப்பித்தார்கள். 1543ஆம் வருஷத்தில் பதுவா நகரத்துப் பேராசிரியர் வெசாலியஸ், 28 வயதில், மனித உடலைத் தாமே அறுத்துப் பார்த்து, வளர்ந்த மனிதனின் தாடை ஒரே எலும்பு என்றும், இப்படி இன்னும் பல தப்பு என்றும் படம் போட்டுப் புத்தகம் வெளியிட்டார். அவருக்கே பாடம் சொல்லிக்கொடுத்த பாரிஸ் ஆசிரியர் சில்வியஸ் அதற்குச் சொன்ன சமாதானம் என்ன தெரியுமா? கேலன் சொன்னது தப்பல்லவாம்; கேலன் காலத்துக்குப் பிறகு மனித உடம்புதான் மாறிப்போய்விட்டதாம்! தோழர்களே, புத்தகத்தைத் திருத்த மனமில்லாதவர் மனித ஜாதியின் எலும்பையே திருத்தத் துணிந்துவிட்டார் பாருங்கள்.

அது பழைய கதை, இப்போது அப்படி நடக்குமா என்று கேட்பீர்களானால், இரண்டாவதைக் கேளுங்கள். மனித செல்லில் குரோமோசோம் எத்தனை? 46 என்று உங்களில் யாரும் தூக்கத்திலும் சொல்லுவீர்கள். ஆனால் 1923 முதல் 1956 வரையில் உலகத்துப் புத்தகங்கள் 48 என்று சொல்லிக்கொண்டிருந்தன. அமெரிக்காவில் டெக்ஸாஸைச் சேர்ந்த பெயின்டர் என்ற விஞ்ஞானி, முதலில் 46ஆ 48ஆ என்று தயங்கிக் கடைசியில் 48 என்று முடிவு கட்டினார். அக்காலத்து முறையில் குரோமோசோம்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும், எண்ணுவது கஷ்டம். அவர் எண்ணினதைக் குற்றம் சொல்ல நாம் வரவில்லை. அவருக்குப் பின்னால் எண்ணினவர்களும் 48 என்றே கண்டார்களே, அதுதான் யோசிக்கவேண்டிய விஷயம். 48 இருக்கவேண்டும் என்று தெரிந்துகொண்டு எண்ணுகிறவன் 48 வருகிற வரையில் எண்ணுவான் அல்லவா?

அதைவிட விசேஷம் ஒன்று உண்டு. ஸ்வீடன் தேசத்தில் சில ஆராய்ச்சிக்காரர்கள் கருவின் ஈரல் செல்களில் எண்ணிப் பார்த்தார்கள். திரும்பத் திரும்ப 46தான் வந்தது. 48ம் கண்ணுக்குத் தென்படவில்லையே என்று அந்த வேலையையே நிறுத்தி வைத்துவிட்டார்கள்! உண்மை அவர்கள் கையில் வந்து உட்கார்ந்திருந்தது. அதைத் தங்கள் பிசகு என்று நினைத்துவிட்டார்கள். நமது படிப்பகத்துப் பெண் ரப்பரால் அழித்ததற்கும் இதற்கும் என்ன பேதம்? 1955 டிசம்பரில் அதே ஸ்வீடனில் லுண்ட் நகரத்தில் ஜாவாவில் பிறந்த ஜியோ என்பவரும் லெவான் என்பவரும், குரோமோசோம்கள் விலகி நிற்கும்படியான நல்ல முறையில் எண்ணி, 46 என்று கண்டு 1956இல் வெளியிட்டார்கள். மூன்று வருஷத்துக்குள், 1959இல், பிரான்ஸ் தேசத்தில் லெஜூன் முதலானவர்கள், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு 47 இருக்கிறது, அதாவது ஒன்று அதிகம் என்று கண்டுபிடித்தார்கள். 48தான் சரியான தொகை என்று நம்பிக்கொண்டிருந்தால் 47ஐ ஒன்று குறைவு என்றல்லவா எழுதியிருப்பார்கள்? ஒரு தப்பு விடை மற்ற எத்தனை விடைகளுக்குக் குறுக்கே கிடக்கும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

நீங்களே வீட்டில் பரீட்சித்துப் பார்க்கக்கூடியதும் ஒன்று உண்டு. நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் உப்பும் புளிப்பும், அடியில் கசப்பு என்று இடம் பிரித்து ஒரு படம் பல பாடப் புத்தகங்களில் வந்தது. 1901இல் ஜெர்மனியில் ஹேனிக் என்பவர், ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் ருசி தெரிவதில் கொஞ்சம் ஏற்றக்குறைவு உண்டு என்றுதான் கண்டார். 1942இல் அமெரிக்கரான போரிங் என்பவரின் புத்தகத்தில் அது வரைபடமாக வந்தபோது, அந்தக் கொஞ்சம் பெரிதாகத் தோன்றிவிட்டது. பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள். 1974இல் காலிங்ஸ் என்ற அம்மையார் மறுபடி அளந்து, வித்தியாசம் அற்பமானது என்று காட்டினார். இதற்கு ஆராய்ச்சிசாலை வேண்டுமா? வாயைக் கொப்பளித்துவிட்டு, கொஞ்சம் உப்புத் தண்ணீரைப் பஞ்சில் தொட்டு நாக்கு நுனியில் வைத்தால் உப்புக் கரிக்கிறதா இல்லையா என்று தெரிந்துபோகும். தினமும் சோறு சாப்பிடுகிற கோடிக்கணக்கான ஜனங்களின் நாக்கிலேயே விடை இருந்தும், படத்தை நம்பினார்கள்.

சரி, இதெல்லாம் இருக்கட்டும், பரீட்சையில் என்ன எழுதுவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 'நீட்' பரீட்சையில் 180 கேள்வியில் 90 உயிரியல். 720 மார்க்கில் 360. சரிக்கு 4 சேரும். தப்புக்கு 1 போகும். ஒரு மார்க்கில் எத்தனையோ பேர் முன்னும் பின்னும் ஆகிறார்கள். அப்படியிருக்க, "புத்தகம் தப்பு" என்று பரீட்சை மண்டபத்தில் வீரம் பேசி மார்க்கை இழக்கும்படி நாம் சொல்லமாட்டோம். கேள்வி எந்தப் பாடப் புத்தகத்தை வைத்து வந்ததோ அதன் தற்போதைய பதிப்பு சொல்லுவதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதை எழுதுங்கள். ஆனால் புத்தகம் இப்படிச் சொல்லுகிறது, உண்மை இப்படி, காரணம் இது என்று குறிப்பேட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். மார்க்குக்காக ஒன்றை எழுதுவது வேறு. அதையே உண்மையென்று நம்பிவிடுவது வேறு.

தற்போதைய பதிப்பு என்று ஏன் அழுத்திச் சொல்லுகிறோமென்றால், 2024ஆம் வருஷத்து நீட் பரீட்சையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அது பௌதிகக் கேள்விதான்; ஆனாலும் நம் விஷயத்துக்குப் பொருந்தும். ஒவ்வொரு மூலகத்தின் அணுவும் நிலையானது என்ற வாக்கியம் சரியா என்று கேட்டிருந்தது. பழைய பதிப்பில் அப்படி இருந்தது. புதிய பதிப்பில் பெரும்பாலான மூலகங்களின் அணு என்று திருத்தியிருந்தார்கள். பரீட்சை நடத்தியவர்கள் இரண்டு விடைக்கும் மார்க்குக் கொடுத்தார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர் மூவர் பார்த்து, ஒரு விடைதான் சரியென்றார்கள். மற்றதை எழுதிய 4 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு மார்க்கு குறைந்தது. ரேடியம் சிதைந்துகொண்டே இருக்கிறது என்று படித்த பிள்ளை, எல்லா அணுவும் நிலையானது என்ற வாக்கியத்தைப் பார்த்தவுடனே நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டாமா? காரணத்தோடு படித்தவனைப் பழைய பதிப்பு ஏமாற்றியிருக்காது.

தமிழில் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. 2018ஆம் வருஷத்து நீட் தமிழ்க் கேள்வித்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு வந்தது. சிறுத்தை என்று வரவேண்டிய இடத்தில் சீத்தா என்று இருந்தது. நமக்குச் சீத்தா என்றால் மரத்தில் காய்க்கும் பழம்! மதுரை ஹைக்கோர்ட் கிளை அவ்வருஷம் ஜூலையில் 49 கேள்விக்கும் நாலு நாலாக 196 மார்க்குக் கொடுக்கச் சொல்லிற்று. அந்த மாதமே சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்தி வைத்து, நவம்பரில் தள்ளிவிட்டது. மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் இங்கிலீஷ் கேள்வியே முடிவானது என்பது பரீட்சையின் விதி. இந்த விதி நியாயமா என்று நாம் கேட்டுக்கொண்டேதான் இருக்கவேண்டும். தன் தாய்மொழியில் எழுதலாம் என்று சொல்லிவிட்டு, அந்த மொழியில் தப்பாகக் கேட்டுவிட்டு, வேற்று மொழியைப் பார்த்திருக்கவேண்டியதுதானே என்று சொன்னால், அந்தப் பிள்ளை என்ன குற்றம் செய்தது? ஆனால் விதி மாறும் வரையில் நீங்கள் செய்யக்கூடியது, தமிழ்ச் சொல்லோடு அதன் இங்கிலீஷ் பெயரையும் சேர்த்துத் தெரிந்து வைத்துக்கொண்டு, தமிழில் புரியாத கேள்வி வந்தால் பக்கத்தில் உள்ள இங்கிலீஷையும் பார்ப்பதுதான்.

பரீட்சை முடிந்த பின்னும் வழி உண்டு. தற்காலிக விடைக்குறிப்பு வெளியிட்டு, ஆட்சேபம் சொல்லச் சில நாள் கொடுக்கிறார்கள். 2024இல் ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்டவேண்டியிருந்தது; அது திரும்பி வராத பணம். ஏழைப் பிள்ளைக்கு இது சின்னத் தொகையல்ல. ஆகையால் படிப்பகத்தில் நாலு பேர் சேர்ந்து பணம் போட்டு, ஆதாரத்தோடு எழுதி அனுப்புங்கள். "எங்கள் வாத்தியார் சொன்னார்" என்று எழுதவேண்டாம். எந்தப் புத்தகம், எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், காரணம் என்ன என்று எழுதுங்கள்.

கடைசியாக, விடையில் சண்டை வந்தால் செய்யவேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறோம். முதலில் கேள்வியை மறுபடி ஒரு தடவை வாசியுங்கள்; பாதிச் சண்டை அங்கேயே இருக்கிறது. பிறகு வார்த்தைக்கு அர்த்தம் என்ன என்று பாருங்கள். யாருக்கு, எப்போது, எதில் என்று கேளுங்கள். எண்ணாக இருந்தால் கூட்டிப் பாருங்கள். இரண்டு புத்தகம் ஒன்றையே சொன்னால், ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதினதா, தனித்தனியாகக் கண்டதா என்று விசாரியுங்கள். பத்து வழிகாட்டிகள் ஒரே மூலத்தைக் காப்பியடித்தால் அது பத்து சாட்சியல்ல, ஒரு சாட்சிதான். செல்போனில் தேடி வருவதும் அப்படியே. எல்லாவற்றுக்கும் மேலாக, இது எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். எவர் எண்ணினார், எதை அளந்தார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத விடையைப் பென்சிலால் எழுதி வையுங்கள், மையால் எழுதவேண்டாம்.

ஒன்று சொல்ல மறந்தோம். இதைக் காரணமாக வைத்துக்கொண்டு, புத்தகம் சொல்லுவதெல்லாம் பொய், தனக்குத் தோன்றியதே மெய் என்று எவரும் கிளம்பவேண்டாம். அது இன்னும் பெரிய முட்டாள்தனம். அந்தப் பெண் தனக்குத் தோன்றியதைச் சொல்லவில்லை; காரணம் சொன்னாள். காரணம் இல்லாமல் புத்தகத்தை மறுப்பவனும், காரணம் இல்லாமல் புத்தகத்தை ஏற்பவனும் ஒரே பெஞ்சில் உட்காரத் தக்கவர்கள்.

அன்றைக்கு அவளைப் பாடப் புத்தகத்தை எடுத்து, காற்றின் பங்குகளைத் தன் கையாலேயே ஒரு காகிதத்தில் எழுதி, மற்ற நாலு பேருக்கும் காட்டச் சொன்னோம். உள்ளே 78, 21, 0.04, வெளியே வருவது இவ்வளவு இவ்வளவு என்று எழுதினாள். பத்து நிமிஷத்தில் நாலு பேரும் தங்கள் விடையை அழித்தார்கள். டெலிபோன் செய்த பையன் மறுபடி ஆசிரியருக்கு டெலிபோன் செய்தான். அவர் யோக்கியமானவர், கணக்கைக் கேட்டுவிட்டு, "ஆமாம் தம்பி, நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்" என்றார். அப்படி ஒப்புக்கொள்ளுகிற ஆசிரியர் கிடைப்பது பாக்கியம். கிடைக்காவிட்டாலும் கணக்கு மாறாது.

நாம் இன்று சொன்ன எண்களிலும் வருஷங்களிலும்கூடப் பிசகு இருக்கக்கூடும். ஆகையால் நாம் சொன்னோம் என்பதற்காக எழுதிக்கொண்டு போகாமல், வீட்டுக்குப் போய் நாலு நல்ல புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.